தொம்மையின் முழங்காலுக்குள் கஸ்பார்

வெள்ளாந்துறையில் பாடி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். மற்ற ஊர்களில் லாரிக்கு பாடி கட்டுவார்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கையும் காலும் தலையும் வரைந்து அதற்கு பாடி என்று பெயர் எழுதுவார். ஆனால் கடலை நம்பியிருக்கிற அந்த ஊரில், வள்ளம் ஒன்று திரும்பாத நாளில் கரையில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கிற கேள்வி ‘பாடி கிடைச்சுதா?’ என்பதுதான், அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. அதனால் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் மீனலோசனி ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, தொம்மையின் வலது முழங்காலுக்குள் ஒரு லூஸ் பாடி இருக்கிறது என்று சொன்னபோது, தொம்மையின் மனைவி பிரகாசி ஆச்சரியப்படவில்லை. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, “யாரு?” என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் பொறுமைசாலி. முழங்கால் என்பது இரண்டு எலும்புகள் கதவுக் கீல் மாதிரிச் சந்திக்கிற இடம், கீலுக்கு எண்ணெய் போல நடுவில் கொஞ்சம் வழுவழுப்பான நீர் இருக்கிறது, சிலருக்கு எலும்பிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து அந்த நீருக்குள் விழுந்துவிடும், எதையும் பிடித்துக்கொள்ளாமல் அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டிருக்கும், அந்த நீரையே குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளரவும் செய்யும், அது கீலின் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டால் மடக்கிய கால் மடக்கியபடியே பூட்டிக்கொள்ளும், காலை உதறினால் விடும், அவ்வளவுதான் என்றார். இப்போது புளியங்கொட்டை அளவு இருக்கிறது, இரண்டு துளை போட்டு எடுத்துவிடலாம் என்றார்.

“எல்லாம் சரிதான் டாக்டர், அது யாரோடதுன்னு கேக்கேன்,” என்றாள் பிரகாசி.

“வேற யாரோடது? அவரோடதுதான்மா,” என்றார் டாக்டர், தொம்மையைப் பார்த்துக்கொண்டே.

வெள்ளாந்துறையில் பாடி கிடைக்காமல் போன ‘அவர்’ ஒருவர்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தொம்மையும், அவன் அண்ணே என்று கூப்பிடுகிற கஸ்பாரும் ஒரே வள்ளத்தில் போனார்கள், வள்ளம் கவிழ்ந்தது, ஒன்றரை நாள் கழித்துத் தொம்மை ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி தெற்கே மூன்று ஊர் தள்ளிக் கரையேறினான், கஸ்பார் வரவில்லை, கஸ்பாரின் சட்டைகூட வரவில்லை. பிரகாசி ஸ்கேன் படத்தைச் சேலைத் தலைப்பால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டாக்டர் விரல் வைத்துக் காட்டிய இடம், முழங்காலின் உள்பக்கம், ஒரு கை நான்கு விரலால் இறுகப் பிடித்தால் கட்டைவிரல் வந்து பதிகிற இடம் என்பது தொம்மைக்குத் தெரியும். வந்திருப்பது யார் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஏன் இந்தக் காலுக்கு வந்தார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

பஸ்ஸில் பிரகாசி கண்டக்டரிடம் மெதுவாக விஷயத்தைச் சொல்ல, அவர் டிரைவரிடம் சொல்ல, டிரைவர் அதன்பிறகு ஹாரன் அடிக்காமல் மெதுவாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். செய்தி அதற்குள் பஸ்ஸை முந்தி ஊருக்குப் போயிருந்தது, ஊர் எல்லையில் பஸ் நின்றபோது கோயில் மணி அடித்தது. அது துக்க மணி. ஒரு ஆணின் பாடி ஊருக்குள் வரும்போது அடிக்கிற மணி, பதினோரு வருஷமாகக் கஸ்பாருக்காக அடிக்காமல் வைத்திருந்த மணி. உபதேசியார் வியாகுலம்தான் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பங்குச் சாமியார் அங்கியைச் சரிசெய்தபடி ஓடி வந்தார்.

“யாரைக் கேட்டு மணி அடிச்சீரு?”

“பாடி வந்திருக்கு ஃபாதர்.”

“அது தொம்மையோட காலுக்குள்ள இருக்குவே! கையோ காலோ தனியா கிடைச்சாக்கூட அடக்கம் பண்ணலாம். உயிரோட நடமாடுறவனுக்குள்ள இருக்கிறதை நான் எப்படி அடக்கம் பண்ண?”

உபதேசியார் யோசித்தார். “தொம்மையையும் சேர்த்து…”

“வேய்!”

“அவன் காலம் முடியறப்போ சேர்த்துன்னு சொல்ல வந்தேன் ஃபாதர். அவசரமில்லையே.”

ஊர் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. தொம்மை தெருவில் வந்தால் ஆண்கள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார்கள், பெண்கள் முக்காடு போட்டார்கள், பைக்கில் வருகிறவன் இறங்கி உருட்டிக்கொண்டு போனான், கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்கள். பீடி வாங்கப் போனால் கடை பாதி மூடியிருக்கும், குனிந்து கையை நீட்டித்தான் வாங்க வேண்டும். வீட்டில் யாரும் அவனுக்கு முன்னால் அடுப்புப் பற்றவைப்பதில்லை, ஏனென்றால் பாடி இருக்கிற வீட்டில் உலை வைக்கிற வழக்கம் இல்லை. அக்கம்பக்கத்தார் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள், இரண்டாவது வாரத்தில் குழம்பின் ருசியைப் பற்றி அவர்களுக்குள் போட்டியும் வந்துவிட்டது. அவன் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் முழங்காலுக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றினார். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போனால் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“ஒண்ணுக்குப் போகக்கூட விடமாட்டீங்களாடே?” என்று கத்தினான் தொம்மை.

“உனக்காகவா எழுந்திரிக்கோம்?” என்றார்கள்.

அதெல்லாம்கூட அவனால் தாங்க முடிந்தது. அவர்கள் அவனைப் புகழ்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை. கஸ்பாருக்கு ஊரில் எத்தனையோ சொந்தக்காரர்கள் இருக்க, தொம்மையின் காலைத் தேடி வந்திருக்கிறார் என்றால் அவர்களுக்குள் அப்படி என்ன நேசம் இருந்திருக்க வேண்டும் என்று பேசினார்கள். ஒரு தம்பிகூடச் செய்ய மாட்டான், பதினோரு வருஷமாகச் சுமந்திருக்கிறான் என்றார்கள். மீனவர் சங்கத்தில் அவனுக்குச் சால்வை போடலாமா என்றுகூட யோசித்தார்கள், துக்கம் முடியட்டும் என்று தள்ளிவைத்தார்கள்.

முழங்கால் கடலோடு சேர்ந்தே நடந்தது. கடல் ஏறும்போது வீங்கியது, வடியும்போது வடிந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் தேங்காய் போல வீங்கிவிட, சுகாதார நிலையத்து நர்ஸ் ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தாள். கண்ணாடிக் குழாயில் வந்தது கடல் தண்ணீர், அடியில் ஒரு சிட்டிகை கறுப்பு மணல் படிந்தது. நர்ஸ் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இது தெற்குக் கடல் மணலாக்கும், நம்ம பக்கம் இப்படி இருக்காது,” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கஸ்பாரின் மனைவி ஜெனோவா, பாடி வந்த முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நாலு மணிக்கு மடக்கு நாற்காலி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. பாடி கிடைக்காததால் தாலியைக் கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கல்யாண வீட்டில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் பந்தலுக்கும் சமையலுக்கும் நடுவில் உட்கார வைப்பார்கள். கல்லறைத் திருநாளில் ஊரே அவரவர் வீட்டுக் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றும்போது, அவள் மட்டும் ஈர மணலில் மெழுகுவத்தியைக் குத்தி வைத்து, காற்றுக்கு மறைப்பாகச் சேலையை விரித்துக்கொண்டு நிற்பாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அது முழுசாக எரிந்ததில்லை.

அவள் நாற்காலியைப் போட்டுத் தொம்மையின் வலது காலுக்கு எதிரே உட்கார்ந்தாள். தொம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை.

“வந்துட்டீரா?” என்றாள் முழங்காலிடம்.

உள்ளேயிருந்து, விரலை மடக்கிக் கதவைத் தட்டுவதுபோல, ஒரு தட்டு கேட்டது.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு வந்தாள். வாசல் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்ததைச் சொன்னாள், கோழி அடை வைத்ததைச் சொன்னாள், “பல் ரெண்டு விழுந்துட்டு, பார்த்தா சிரிப்பீரு,” என்று சொன்னாள். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் ஒன்றும் இல்லை. தொம்மை தன் காலை வேறு யாருடைய கால் போலவோ நீட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பத்தாவது நாள் அவள் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கணும். இத்தனை வீடு இருக்கு, நான் ஒருத்தி இருக்கேன். ஏன் இந்தக் காலுக்குள்ள வந்து இருக்கீரு?”

தட்டு கேட்கவில்லை. கால் பூட்டிக்கொண்டது. மடக்கியும் மடக்காமலும் பாதியில் நின்றது, உதறியும் விடவில்லை, ஒரு மணி நேரம் அப்படியே இருந்தது. ஜெனோவா முதல் தடவையாக நிமிர்ந்து தொம்மையின் முகத்தைப் பார்த்தாள்.

“அவரு சொல்லமாட்டாரு போலிருக்கு. நீ சொல்லு.”

“எனக்கென்ன மைனி தெரியும்?” என்றான் தொம்மை.

அவள் நாற்காலியை மடக்கினாள். “எனக்கு அவரை அடக்கம் பண்ணணும் தொம்மை. பாதிப் பொம்பளையா இருந்து எனக்குப் போதும்னு ஆயிட்டு. நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நானும் வாறேன்.”

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு கேட்ட கேள்விகளுக்கும் அவள்தான் பதில் சொன்னாள். காணாமல் போனவர் பாடி கிடைத்தால் நெருங்கின உறவு நேரில் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும், அதுதான் விதி என்றார் ஏட்டு. பாடி எங்கே கிடைத்தது என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“முழங்கால்னு போடவா, வெள்ளாந்துறைன்னு போடவா?”

“ரெண்டையும் போடுங்க,” என்றாள் ஜெனோவா.

அதனால் ஆபரேஷன் அன்று ஜெனோவாவுக்கும் பச்சை அங்கியும் தொப்பியும் கொடுத்து உள்ளே விட்டார்கள். தொம்மைக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருந்தது, மற்றபடி விழிப்பாகத்தான் இருந்தான். டாக்டர் மீனலோசனி முழங்காலில் இரண்டு சிறிய துளைகள் போட்டார். ஒன்றின் வழியே பேனா மாதிரி ஒரு கேமராவை விட்டார், பையிலிருந்து உப்புத் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே ஓடி முழங்காலை உப்ப வைத்தது, தலைமாட்டில் இருந்த டிவியில் மூட்டின் உள்பக்கம் தெரிந்தது.

தொம்மைக்கு அந்த இடம் தெரிந்த இடமாக இருந்தது. வெள்ளை வெள்ளையாகப் பாறைகள் இருந்தன, பாறை இடுக்குகளில் பாசி போல மெல்லிய சதை நூல்கள் தண்ணீரின் போக்குக்கு ஆடிக்கொண்டிருந்தன, எங்கிருந்தோ மங்கலான வெளிச்சம் வந்து கீழே எட்டாமல் நின்றது. பாறைக்குப் பின்னாலிருந்து அது மெதுவாக வந்தது. புளியங்கொட்டை அளவுதான் இருந்தது, வெள்ளையாக இருந்தது, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு தூங்குகிற ஒரு ஆள் போல இருந்தது.

“அந்தா,” என்றாள் ஜெனோவா.

டாக்டர் இரண்டாவது துளை வழியாக இடுக்கியை விட்டார். இடுக்கி வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் போனது, மூடியது, வாய்க்குள் ஒன்றும் இல்லை. வெள்ளை ஆள் ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தார். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார், முழங்காலின் பின்பக்கத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறுபடி முயன்றார், மறுபடியும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது தடவை, நாலாவது தடவை. தப்பித்து ஓடுகிற ஓட்டமாக அது தெரியவில்லை. இடுக்கி தொட்ட உடனே, பணிவாக, ஒதுங்கி வழிவிடுவதுபோல் இருந்தது.

“லூஸ் பாடி இப்படித்தான் விளையாட்டுக் காட்டும்,” என்றார் டாக்டர். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. “பின்பக்க மூலைக்குப் போகுது. அங்க போயிட்டா இந்தத் துளை வழியா எடுக்க முடியாது. இன்னும் அஞ்சு நிமிஷம் பார்க்கிறேன், இல்லேன்னா மூடிட்டு இன்னொரு நாளைக்குப் பெருசாத் திறந்துதான் பார்க்கணும். அப்பவும் கிடைக்கும்னு சொல்ல முடியாது.”

“மூடிராதீங்கம்மா,” என்றாள் ஜெனோவா. டிவித் திரையைப் பார்த்து, “வாரும்,” என்றாள். “நான்தான் வந்திருக்கேன், வாரும்.” வெள்ளை ஆள் பாறையின் விளிம்பில் நின்றார், இன்னும் ஒரு அலை வந்தால் அந்தப் பக்கம் விழுந்துவிடுவார்.

“நீங்க கூப்பிட்டா வரமாட்டாரு மைனி,” என்றான் தொம்மை.

அவள் குனிந்து பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, மூடினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தெரிந்தது.

“கேன் ஒருத்தரைத்தான் தாங்கிச்சு. அது என் கையில இருந்துச்சு. அவரு என் காலைப் பிடிச்சுக்கிட்டாரு, இந்த முட்டுலதான் பிடிச்சாரு. ரெண்டு பேரும் முங்கி முங்கி எழுந்தோம். மூக்குல வாயில எல்லாம் தண்ணி ஏறுது. நான் சொன்னேன், ‘விடும்ணே’ன்னு. மூணு தடவை சொன்னேன். நான் உதைக்கல மைனி, உதைச்சிருந்தாக்கூட… நான் சொன்னேன், அவரு விட்டுட்டாரு. ஒரு வார்த்தை பேசல. என் முகத்தைப் பார்த்துக்கிட்டே கையை எடுத்துட்டாரு. இப்பவும் அதைத்தான் செய்யுதாரு. எது வந்து பிடிச்சாலும் விடுதாரு. நான் சொன்னதைக் கேட்டுத்தான்.”

நர்ஸ்கள் தரையைப் பார்த்தார்கள். டாக்டர் இடுக்கியை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெனோவாவின் கை ஆபரேஷன் மேசையின் விளிம்பைப் பற்றியிருந்தது.

“நீ சொன்னதை நீயே மாத்திச் சொல்லு,” என்றாள்.

“மைனி—”

“சொல்லுல!”

தொம்மையின் இடுப்புக்குக் கீழே மரத்துப்போன உடம்பில், முழங்காலின் உள்பக்கம் மட்டும், நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் வந்து இறுகுவதுபோல வலித்தது.

“பிடிச்சுக்கிடும்ணே,” என்றான். மறுபடி சொன்னான். “கஸ்பாரண்ணே, பிடிச்சுக்கிடும். விட்டுராதேயும். நான் இருக்கேன், பிடிச்சுக்கிடும்.”

பாறை விளிம்பில் நின்ற வெள்ளை ஆள் திரும்பினார். தண்ணீரின் போக்குக்கு எதிராக மெதுவாக வந்து, திறந்திருந்த இடுக்கியின் வாயில் ஒட்டிக்கொண்டார். “பிடி கிடைச்சிட்டு,” என்றார் டாக்டர். இடுக்கியை வெளியே இழுத்தபோது துளை சின்னதாக இருந்ததால் ஒரு நொடி தடுக்கியது, அப்புறம் வந்துவிட்டது. எவர்சில்வர் கிண்ணத்தில் அதைப் போட்டபோது கேட்ட சத்தம், அந்த அளவுக்கான ஒரு பொருளின் சத்தமாக இல்லை. ஈர மணலில் ஒரு ஆள் விழுந்த சத்தமாக இருந்தது.

ஜெனோவா கிண்ணத்துக்குள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். “இவருதான்,” என்றாள். தாலியைக் கழற்றி அங்கேயே கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தொம்மையிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள்.

பெட்டி செய்கிற மிக்கேல் ஆசாரி அளவு கேட்டபோது, கஸ்பார் ஆறடி உயரம் என்பதால் ஆறடிக்கே செய்யச் சொன்னாள் ஜெனோவா. நடுவில் வெள்ளைத் தலையணை வைத்து அதன் மேல் கஸ்பாரை வைத்தார்கள். ஆறு பேர் தூக்கினார்கள், கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் மூன்று தடவை தோள் மாற்ற வேண்டியிருந்தது, தண்ணீர் குடித்துச் செத்தவன் கனம் அது என்று பெரியவர்கள் சொன்னார்கள், பெட்டியின் இடுக்கிலிருந்து வழியெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டியது. தொம்மை கடைசி ஆளாக நடந்து வந்தான். கால் சுகமாக மடங்கியது, சுகமாக நீண்டது, இத்தனை வருஷத்தில் அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டதை ஜெனோவா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஊர்க்காரர்கள் அவனுக்கு வழிவிட்டுக் குழிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் தொடங்கியதும் ஊர் முழுவதும் மணலில் முழந்தாளிட்டது. தொம்மையும் முழந்தாளிடக் குனிந்தான். அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், அந்த மண்ணில் நெற்றி பட விழுந்து கிடக்க வேண்டும்.

“முழந்தாள் போடாத,” என்றாள் ஜெனோவா, பக்கத்தில், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “நீ நில்லு. அவரு நிக்க ஒரு இடம் இல்லாமத்தான் போனாரு. நீ நின்னே இரு.”

அவன் நின்றான். சுற்றிலும் குனிந்த தலைகளுக்கு நடுவில் அவன் ஒருவன் மட்டும் நின்றான். பார்த்தவர்கள், ஆபரேஷன் செய்த கால், மடக்க முடியவில்லை, பாவம் என்றார்கள். உபதேசியார் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து அவனுக்குப் பின்னால் போட்டார்.

“உக்காருடே, ஒருத்தரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க.”

ஜெனோவா தலையைத் திருப்பவில்லை. மண் விழுகிற சத்தம் கேட்டது. நாற்காலியின் விளிம்பு அவன் காலின் பின்பக்கம் இடித்துக்கொண்டே இருந்தது, அவன் உட்காரவில்லை.